காம்பஸும் எட்டு ஓட்டை பிளாஞ்சும்

எங்கள் பட்டறையில் புதிதாக வேலைக்குச் சேரும் பையன்கள் கையில் டிவைடரைக் கொடுத்தால், எல்லாரும் முதலில் ஒரு வட்டம்தான் போட்டுப் பார்ப்பார்கள். டிவைடரை காம்பஸுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பென்சில் கிடையாது, இரண்டு காலும் கூரான எஃகு. வட்டம் போடட்டும், அது தப்பில்லை. ஆனால் இந்தக் கருவியின் நிஜமான வேலை வேறு. ஓர் அளவை, அது எவ்வளவு என்றே கேட்காமல், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும்.

4 இன்ச் பைப்புக்கு 150 கிளாஸ் (அது அழுத்தத் தரம்) பிளைண்ட் பிளாஞ்ச், அதாவது பைப்பின் முனையை போல்ட் போட்டு அடைக்கும் வட்டத் தகடு, ஒன்று அவசரமாக வேண்டும் என்று யாராவது வருவார்கள். ஒரே ஒரு பீஸுக்கு சிஎன்சி என்ற கம்ப்யூட்டர் மெஷினைத் தேடி ஓட முடியாது, கையால்தான் மார்க் செய்ய வேண்டும். ஓட்டைகள் எட்டு. அவை உட்காரும் வட்டத்தின் விட்டம், அதாவது பிசிடி, 190.5 மி.மீ. பிளேட்டைத் துடைத்து மயில்துத்தக் கரைசலைத் தடவினால் செம்பு நிறம் ஏறிவிடும், அதன்மேல் கோடு பளிச்சென்று தெரியும். நடுவில் பஞ்சால் தட்டி ஒரு சின்னக் குழி. டிவைடரை 95.25-க்கு விரிக்க வேண்டும். ஸ்கேலின் முனை தேய்ந்திருக்கும் என்பதால் 10-வது மில்லிக் கோட்டில் ஒரு காலை வைத்து எண்ணுவேன். அந்தக் கால் மில்லியை ஸ்கேலில் பார்க்க முடியாது. அதனால் வட்டத்தைப் போட்டுவிட்டு அதன் விட்டத்தை அளப்பேன். ஆரத்தில் உள்ள பிசகு விட்டத்தில் இரட்டிப்பாகத் தெரியும்.

அப்புறம்தான் சுவாரசியம். எட்டு ஓட்டைக்கு, பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளின் இடைவெளி பிசிடியை 0.3827-ஆல் பெருக்கினால் வரும்: 72.9 மி.மீ. டிவைடரை அதற்கு விரித்து, ஒரு காலை ஊன்றி மறு காலைச் சுழற்றிச் சுழற்றி வட்டத்தின் மேலேயே நடத்திக்கொண்டு போக வேண்டும். எட்டாவது காலடி, புறப்பட்ட புள்ளியிலேயே போய் விழ வேண்டும். முக்கால் மில்லிக்குக் கொஞ்சம் மேலே, 0.8 குறைகிறது என்று வையுங்கள். பையன்கள் உடனே டிவைடரை 0.8 விரிப்பார்கள். கூடாது. எட்டுக் காலடியில் சேர்ந்த பிசகு அது, விரிக்க வேண்டியது 0.1 மட்டும். ஸ்கேலை வைத்து எட்டு முறை அளந்தால் ஒவ்வொரு முறையும் கண் ஒவ்வொரு மாதிரி தப்பும், எங்கே தப்பியது என்று தெரியாது. டிவைடர் ஒரே தப்பை எட்டு முறையும் செய்யும். அதனால் மாட்டிக்கொள்ளும்.

ஆறு ஓட்டை என்றால் கணக்கே வேண்டாம். வட்டம் போட்ட விரிப்பைத் தொடாமல் அப்படியே நடத்தினால் சரியாக ஆறு காலடி.

இப்படி அளவைத் தூக்கிக்கொண்டு போகலாமா என்பதையே யூக்ளிட் சும்மா விடவில்லை. அவருடைய காம்பஸ் தாளை விட்டு எடுத்ததும் மூடிக்கொள்ளும் என்று வைத்துக்கொண்டு, ஒரு நீளத்தை வேறொரு புள்ளிக்குக் கொண்டுபோவது எப்படி என்பதை 'எலிமென்ட்ஸ்' நூலின் முதல் புத்தகத்தின் இரண்டாவது தேற்றத்திலேயே நிரூபித்திருக்கிறார். எங்களுக்கு, விரிப்பை நகராமல் பிடித்துக்கொள்ளும் ஒரு மரை அந்த வேலையைச் செய்துவிடுகிறது!

அண்ணன் மகள் இந்த வருஷம் பத்தாம் வகுப்பு. 3 செ.மீ. ஆரத்தில் வட்டம், மையத்திலிருந்து 8 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி, அங்கிருந்து இரண்டு தொடுகோடு வரைந்துகொண்டிருந்தாள். வரைந்துவிட்டு இரண்டையும் ஸ்கேலில் அளந்தாள். ஒன்று 7.4, இன்னொன்று 7.3 மாதிரி, 7.4 மாதிரி. "சித்தப்பா, எதை எழுதறது?" என்றாள். ஒரு தொடுகோட்டின் இரண்டு முனையிலும் காம்பஸை வைத்து, அதே விரிப்போடு அடுத்த கோட்டில் வை என்றேன். முள்ளும் பென்சிலும் இம்மி பிசகாமல் உட்கார்ந்தன. ஸ்கேலைத்தான் கொஞ்சம் சாய்த்துப் பார்த்திருக்கிறாள். விடையில் 7.4 எழுதத்தான் வேண்டும், அது தேர்வுக்கு. இரண்டும் சமமா என்பதற்கு எண் எதற்கு?

அவள் பெட்டியில் இருந்த காம்பஸைப் பற்றி மட்டும் நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மரை தொளதொள. புதிதாக வாங்குகிறவர்கள் கடையிலேயே ஒரு தாள் கேளுங்கள். முள்ளும் பென்சில் முனையும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி பென்சிலை மாட்டி, மேலே உள்ள குமிழை மட்டும் பிடித்து ஒரே இடத்தில் இரண்டு சுற்று சுற்றுங்கள். இரண்டாவது கோடு முதல் கோட்டின்மேல் விழவில்லை என்றால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.