பார்கோடு பிரிண்டரை என்ஏசி-க்குப் புரியவைக்கப் பட்ட பாடு

பெங்களூரு பீன்யாவில் உள்ள எங்கள் கிடங்கில் என்ஏசி (நெட்வொர்க்கில் செருகும் கருவி எதுவென்று அடையாளம் கண்டு, அதற்கேற்ப உள்ளே விடும் காவல் அமைப்பு) ஒருவழியாக நிலைக்கு வந்துவிட்டது. லேப்டாப், போன், கேமரா எல்லாம் ரெடிமேட் புரொஃபைலிலேயே (கருவி வகையை அடையாளம் காணும் விதித்தொகுப்பு) விழுந்துவிட்டன. உயிரை எடுத்தவை பார்கோடு லேபிள் பிரிண்டர்கள்தான். ‘அன்நோன்’ என்று காட்டி குவாரன்டைன் விலானில் (அடையாளம் தெரியாதவற்றை ஒதுக்கி வைக்கும் தனி நெட்வொர்க் பகுதி) தள்ளிவிட்டது. லேபிள் வரவில்லை, டிஸ்பாட்ச் நின்றது, வாசலில் லாரிக்காரர்கள் சத்தம்.

“மேக் அட்ரஸில் முதல் ஆறு எழுத்தைப் போடுங்க சார், எல்லாத்துக்கும் ஒண்ணுதான்” என்றார் சப்ளையரின் ஆள். நம்பாதீர்கள். மேக் அட்ரஸ் என்பது கருவியின் நெட்வொர்க் அடையாள எண். அதன் முதல் மூன்று பைட் (அந்த ஆறு எழுத்துதான்) பல சமயம் உள்ளே இருக்கும் நெட்வொர்க் மாட்யூல் கம்பெனியுடையது. அடுத்த லாட்டில் மாட்யூல் மாறினால் ரூல் படுத்துவிடும். அதே மாட்யூல் உள்ள வேறு பெட்டியோ பிரிண்டர் என்ற பெயரில் உள்ளே வந்துவிடும்.

டிஹெச்சிபி (கருவிகளுக்குத் தானாக ஐபி முகவரி கொடுக்கும் முறை) ஆப்ஷன் 55 கொஞ்சம் மேல். ஐபி கேட்கும்போது கருவி வேறென்னென்ன விவரம் வேண்டும் என்று எண்களால் சொல்லும் பட்டியல் அது. அதில் எண்கள் மட்டுமல்ல, அவை வரும் வரிசையும் கணக்கு. எங்கள் பிரிண்டர் கேட்டது 1, 3, 6, 12, 15, 28, 42. தன் வகையைச் சொல்லும் ஆப்ஷன் 60-இல் ‘யுடிஹெச்சிபி’. இரண்டுமே பிஸிபாக்ஸ் (சிறிய லினக்ஸ் கருவிகளுக்கான மென்பொருள் தொகுப்பு) ஓடும் எத்தனையோ சின்ன லினக்ஸ் கருவிகளில் அப்படியே வரும். மாடல் பெயரைச் சொன்னது எஸ்என்எம்பி-யின் (கருவியிடம் நெட்வொர்க் வழியே விவரம் கேட்கும் முறை) சிஸ்டெஸ்கர், அதாவது கருவி தன்னைப் பற்றித் தரும் விவரணை, மட்டும்தான். ஆகவே மேக்குக்கு 10, ஆப்ஷன் 55-க்கு 20, சிஸ்டெஸ்கருக்கு 40 மதிப்பெண். பாஸ் ஆக 60. பின்னவை இரண்டும் பொருந்தாமல் எதுவும் தேறாது.

இதிலும் ஒரு முடிச்சு: குவாரன்டைனில் இருக்கும் பிரிண்டரை என்ஏசி எஸ்என்எம்பி-யில் கேட்க வேண்டுமென்றால், அந்த விலான் ஏசிஎல்லில் (எந்தப் போக்குவரத்தை விடலாம் என்ற பட்டியல்) எஸ்என்எம்பி-க்கான யுடிபி 161 திறந்திருக்க வேண்டும். மூடியிருந்தால் 60 எட்டவே எட்டாது.

நேரத்தை அதிகம் தின்றது இன்னொன்று. எல்லா விலானிலும் ஐபி ஹெல்பரில் (டிஹெச்சிபி கோரிக்கையை வேறு முகவரிக்கு அனுப்பிவைக்கும் ரிலே) என்ஏசி முகவரியைச் சேர்த்தாயிற்று (இதற்கு நெட்வொர்க் டீமிடம் கெஞ்ச வேண்டியிருந்தது தனிக்கதை), ஆனாலும் ஆப்ஷன் 55 வந்தபாடில்லை. காரணம், லீஸ் (ஐபி முகவரிக்கான தவணைக்காலம்) பாதி ஓடியதும் வரும் புதுப்பிப்பு, ரிலேயைத் தொடாமல் நேராக டிஹெச்சிபி சர்வருக்கே யூனிகாஸ்டாகப் போகிறது. என்ஏசி அதைப் பார்ப்பதே இல்லை. பிரிண்டரை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள், அல்லது ஸ்விட்சில் அதன் போர்ட்டை ஷட், நோ ஷட் (அணைத்து மீண்டும் இயக்குதல்) செய்யுங்கள். முதலிலிருந்து ஐபி கேட்கும் டிஸ்கவர் பாக்கெட் உடனே வரும். ஸ்டாட்டிக் ஐபி (கையால் பதித்த நிலையான முகவரி) போட்ட பிரிண்டருக்கு இந்த வழியே கிடையாது. முதலில் டிஹெச்சிபி ரிசர்வேஷனுக்கு (டிஹெச்சிபி வழியாகவே எப்போதும் ஒரே ஐபி) மாற்றுங்கள்.

புரொஃபைல் சரியாக விழுந்தும் விலான் மாறாவிட்டால் சிஓஏ (ஏற்கெனவே இணைந்த கருவியின் அனுமதியை மாற்றச் சொல்லி என்ஏசி ஸ்விட்சுக்கு அனுப்பும் கட்டளை) செட்டிங்கைப் பாருங்கள். சிஸ்கோவின் என்ஏசி-யான ஐஎஸ்இ-யில் அது டிஃபால்ட்டாக ‘நோ சிஓஏ’.

மேக், ஆப்ஷன் 55, சிஸ்டெஸ்கர் மூன்றையும் ஒரு லேப்டாப்பால் போலியாகக் காட்ட முடியும். அதனால் பிரிண்டர் விலானிலிருந்து பிரிண்ட் சர்வருக்கும் டிஹெச்சிபி, டிஎன்எஸ், என்ஏசி-க்கும் மட்டும் வழி விடுங்கள். ஃபர்ம்வேர் அப்டேட்டுக்குப் பிறகு ஆப்ஷன் 55 வரிசை மாறலாம். முதலில் ஒரு பிரிண்டரில் மட்டும் ஏற்றி, புதிய வரிசையைப் பிடித்து, பழையதை அழிக்காமல் ‘அல்லது’ போட்டுச் சேர்த்த பிறகே மற்றவற்றைத் தொடுங்கள்.