எள்ளளவு சூலம்

மார்ச் 3, ஞாயிறு

பாரிஸில் வான்வ் பழைய பொருள் சந்தை. தூறலுக்குப் பயந்து பாதிப் பேர் அப்போதே மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார்கள். ஒரு பிஸ்கட் டப்பாவில் சில்லறைக் குவியல். கிளறினால் கனமாக ஒன்று தட்டுப்பட்டது. வெள்ளி ஐந்து ஃபிராங்க்! நடுவில் ஹெர்குலிஸ், இருபுறமும் சுதந்திரமும் சமத்துவமும் பெண்களாக. பின்பக்கம் 1871, கீழே பாரிஸ் நாணய அச்சகத்தின் ‘ஏ’. அதன் அருகில் இருக்கும் சின்னக் குறி தேனீயா, சூலமா? லென்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன், புத்திசாலி. பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

அதே நாள், இரவு

லென்ஸ் கிடைத்தது, விடை கிடைக்கவில்லை. ‘ஏ’யின் ஒரு பக்கம் நங்கூரம் பளிச்சென்று தெரிகிறது, தலைமைச் செதுக்குநர் ஆல்பெர் பாரின் அடையாளம். மறுபக்கம் தேய்ந்த மேடு. அச்சக இயக்குநர் தெ புஸியேரின் குறி தேனீ. 1871 மார்ச் 18 முதல் மே 28 வரை பாரிஸைக் கம்யூன் என்ற புரட்சி அரசு ஆண்டபோது, கமேலினா என்ற வெண்கலத் தொழிலாளி அச்சகப் பொறுப்பை ஏற்றார். அவர் போட்ட குறிதான் திரிசூலம். டுயிலரி அரண்மனையின் வெள்ளிப் பாத்திரங்களையெல்லாம் உருக்கி அடித்தார்கள். புது வடிவம் வரைய நேரமில்லை. 1795-இல் துய்ப்ரே செதுக்கிய ஹெர்குலிஸே போதும் என்று விட்டுவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், தேவாலயத்தையும் அரசையும் பிரித்த அதே கம்யூனின் காசு விளிம்பில், “கடவுள் பிரான்சைக் காக்கிறார்” என்ற வாசகம் அப்படியே இருக்கிறது.

மார்ச் 5, செவ்வாய்

லா ஷப்பலில் நகைக்கடை அண்ணையின் தராசில் வைத்தேன். 24.8 கிராம். புதிதாக இருந்தபோது 25, தேய்மானத்துக்குச் சரிதான். அண்ணைக்குக் குறியைப் பற்றி அக்கறையே இல்லை.

“நூற்றுக்குத் தொண்ணூறு வெள்ளி தம்பி. உருக்கினால் இருபத்திரண்டு கிராம் தேறும்.”

“உருக்குறதா? ஐயோ அண்ணை!”

கம்யூன் வீழ்ந்த பிறகு அச்சகக்காரர்களும் இப்படித்தான் கணக்குப் போட்டிருப்பார்கள். சூலக் காசுகளில் பெரும்பகுதி திரும்ப உலைக்கே போய்விட்டது. இன்று அதற்கு இத்தனை கிராக்கி வர அதுவே காரணம்.

மார்ச் 9, சனி

ரூ விவியென் தெருவில் ஒரு நாணய வியாபாரி. லென்ஸைக்கூடச் சரியாகப் பிடிக்கவில்லை, விளக்கடியில் காசைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தார். “தேனீ.” அவ்வளவுதான். மேட்டின் இரண்டு ஓரங்களிலும் இறக்கையின் சரிவு இருக்கிறதாம். அவர் காட்டிய பிறகு எனக்கும் தெரிந்தது.

என் முகம் தொங்கியதைப் பார்த்தாரோ என்னவோ, இழுப்பறையிலிருந்து ஒரு தட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். நிஜச் சூலம். மூன்று பற்கள், எள்ளளவு. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கீழே விலைச்சீட்டு இருந்தது. அப்புறம் தட்டை மெல்ல அவர் பக்கமே தள்ளிவிட்டேன்.