கைக்குக் கிடைக்காத கடிதம்

17 பெப்ரவரி 2024, சனி

இன்றோடு ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. 2015இல் இதே திகதியில், அரைத்தவணை விடுமுறைச் செவ்வாய்க்கிழமை ஒன்றின் காலையில், கிழக்கு லண்டன் பெத்னல் கிரீனைச் சேர்ந்த மூன்று மாணவிகள் வீட்டில் ஆளுக்கொரு சாட்டுச் சொல்லிவிட்டுக் கட்விக் விமான நிலையத்துக்குப் போய் இஸ்தான்புல்லுக்கு விமானம் ஏறினார்கள். இருவருக்கு 15 வயது, ஒருத்திக்கு 16. அங்கிருந்து துருக்கியின் எல்லையைக் கடந்து சிரியாவுக்குள், ஐ.எஸ். இயக்கம் தலைநகராக அறிவித்திருந்த ரக்காவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். விமான நிலையக் கமராவில் பதிவான படத்தில் அவர்களில் ஒருவரான ஷமீமா பேகம் சிறுத்தைப் புள்ளிச் சால்வை ஒன்றைக் கழுத்தில் சுற்றியிருப்பார். நான் வகுப்பு உதவியாளராக வேலை செய்யும் பள்ளிக்கூடத்தில் அந்த வருடம் பாதிப் பெண் பிள்ளைகள் அதே மாதிரிச் சால்வைதான் போட்டிருந்தார்கள். அடுத்த திங்கள் வகுப்புக்குள் போனபோது என் கண் ஒவ்வொரு கழுத்தாகத் தேடியதை இன்றும் நினைக்கக் கூச்சமாக இருக்கிறது.

இந்த வெள்ளிக்கிழமை, பிரித்தானியக் குடியுரிமை பறிக்கப்பட்டதை எதிர்த்து ஷமீமா தொடுத்த வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்கிறது. ஆகவே இந்த வாரம் முழுதும் இதையே எழுதிக்கொண்டிருப்பேன்.

19 பெப்ரவரி 2024, திங்கள்

எல்லோரும் இணையத்தைப் பற்றியே பேசுகிறார்கள். அது பொய்யில்லை. கிளாஸ்கோவிலிருந்து 2013இல் சிரியாவுக்குப் போன அக்ஸா மஹ்மூத் என்ற இளம்பெண்ணை ஷமீமாவின் பெயரிலிருந்த கணக்கு ருவிற்றரில் தொடர்புகொண்டதாக அப்போதே செய்தி வந்தது. ஆனால் என்னைத் தூங்கவிடாதது இணையம் அல்ல, ஒரு காகிதம்.

இவர்களுடைய தோழி ஒருத்தி 2014 டிசம்பரிலேயே சிரியாவுக்குப் போய்விட்டாள். அதன்பின் பொலிசார் பள்ளிக்கூடத்துக்கு வந்து அவளுடைய நண்பிகளிடம் விசாரித்தார்கள். வாக்குமூலம் எடுப்பதற்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்பதால், 2015 பெப்ரவரி தொடக்கத்தில் ஒரு கடிதத்தை அச்சடித்து, பெற்றோரிடம் கொடுக்கும்படி அந்தப் பிள்ளைகளின் கையிலேயே கொடுத்து அனுப்பினார்கள். தோழி எங்கே போனாள் என்பதைப் பெற்றோர் அறியக்கூடிய ஒரே தாள் அது. அதை அறியக்கூடாது என்று நினைத்தவர்களிடமே அது ஒப்படைக்கப்பட்டது. பிள்ளைகள் போன பிறகுதான், புத்தகங்களுக்கிடையில் ஒளித்து வைத்திருந்த அந்தக் கடிதங்களை வீட்டார் கண்டெடுத்தார்கள். மார்ச் மாதம் லண்டன் பொலிஸ் ஆணையாளர் பாராளுமன்றக் குழுவின் முன் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

பயணத்துக்காகக் கையால் எழுதிய பட்டியலொன்றும் ஒரு பிள்ளையின் அறையில் கிடைத்தது. விமானச் சீட்டு, கைத்தொலைபேசி, உள்ளாடை, முடி அகற்றும் கருவி என்று, பள்ளிச் சுற்றுலாவுக்குப் பெட்டி அடுக்குவதைப் போல எழுதியிருந்தார்கள்.

21 பெப்ரவரி 2024, புதன்

எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அந்தக் கடிதத்தைப் பற்றிக் கோபப்பட எனக்கு எவ்வளவு உரிமை உண்டு என்பதில்தான் சந்தேகம்.

1984இல் எனக்கு 11 வயது. அதற்கு முந்திய ஆடி மாதக் கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு பெடியன்கள் இயக்கங்களுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். இரவில் வள்ளம் ஏறினால் விடியும்போது இந்தியக் கரை, பிறகு பயிற்சி முகாம். பெரியம்மாவின் மகனுக்கு 17 வயது. ஒரு மாலை, நாலாக மடித்த கொப்பித் தாளை என்னிடம் தந்து, "நாளைக்குப் பின்னேரம் அம்மாட்டைக் குடு, அதுக்கு முதல் குடுக்கப்படாது" என்றான். நான் அதைச் சமூகக்கல்விப் புத்தகத்துக்குள் வைத்தேன். அடுத்த நாள் பின்னேரம் பெரியம்மா, "ரியூசனுக்குப் போட்டு வாறன் எண்டுதான் சொன்னவன்" என்று தெருத்தெருவாகக் கேட்டுக்கொண்டு திரிந்ததைப் பார்த்த பயத்தில் கொடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் அம்மாவே புத்தகத்தை விரித்துக் கண்டுபிடித்தார்.

அவன் போனதையும் இவர்கள் போனதையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. அவனுக்குப் பின்னால் எரிந்த வீடுகள் இருந்தன. இவர்கள் போன இடத்திலோ யசீதி என்ற சிறுபான்மை இனப் பெண்களை ஏலம் போட்டு விற்றார்கள். ஆனால் வீட்டிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான் நடக்கின்றன. தோழருக்குத் தெரியும், அயலில் ஒருவருக்குத் தெரியும், பதினொரு வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பெற்றவளுக்கு மட்டும் கடைசியில்தான் தெரியவரும்.

23 பெப்ரவரி 2024, வெள்ளி

மேன்முறையீடு தள்ளுபடி செய்யப்பட்டது. மூன்று நீதிபதிகளும் ஒரே முடிவு. முடிவு கடுமையானது என்றும் வாதிடலாம், தன் துன்பத்துக்குத் தானே காரணம் என்றும் வாதிடலாம், இரண்டில் எதையும் ஏற்பதோ மறுப்பதோ இந்த நீதிமன்றத்தின் வேலையல்ல, உள்துறைச் செயலாளர் செய்தது சட்டப்படி சரியா என்பதே கேள்வி என்று தலைமை நீதிபதி கூறினார்.

2019 பெப்ரவரியில், வடகிழக்குச் சிரியாவின் அல் ஹோல் முகாமில் ஒரு பத்திரிகையாளர் ஷமீமாவைக் கண்டபோது அவருக்கு 19 வயது, நிறைமாதக் கர்ப்பிணி. ரக்காவுக்குப் போய்ச் சில நாட்களிலேயே இஸ்லாத்துக்கு மாறிய ஒல்லாந்துக்காரர் ஒருவருக்கு மணம் முடித்துக் கொடுக்கப்பட்டிருந்தார். பெற்ற இரண்டு குழந்தைகளும் இறந்திருந்தன. சில நாட்களில், அப்போதைய உள்துறைச் செயலாளர் சஜித் ஜாவிட் அவருடைய குடியுரிமையைப் பறித்தார். பெற்றோர் வழியில் அவர் வங்கதேசக் குடிமகள் என்பது அரசின் வாதம். வங்கதேசமோ உள்ளே விடமாட்டோம் என்றது. அந்த மாதம் பிறந்த மகனும் மூன்று வாரம் முடியுமுன் நிமோனியாவால் இறந்தான்.

குப்பைத்தொட்டியில் வெட்டுண்ட தலையைக் கண்டபோது தன்னை அது உலுக்கவில்லை என்று அந்தச் செவ்வியில் அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. அவருக்காக இரங்குகிறவர்கள் அந்த வரியைத் தாண்டிக் குதித்துவிடக் கூடாது. அதுபோல, 2023இல், இவ்வழக்கை முதலில் விசாரித்த சிறப்புக் குடிவரவு மேன்முறையீட்டு ஆணைக்குழு சொன்னதை அவரை வெறுக்கிறவர்கள் தாண்டிக் குதிக்கக் கூடாது. பாலியல் சுரண்டலுக்காக அவர் ஆள்கடத்தப்பட்டார் என்ற நம்பத்தக்க சந்தேகம் உண்டு என்றும், அவரைப் போகவிட்டதில் அரச அமைப்புகள் கடமை தவறியிருக்கலாம் என்றும் சொன்ன அதே ஆணைக்குழு, குடியுரிமைப் பறிப்பை மட்டும் செல்லும் என்றது. எல்லையில் அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த ஆள் கனடிய உளவுத்துறைக்கும் தகவல் கொடுத்துக்கொண்டிருந்தவர் என்பதை 2022இல் பி.பி.சி. வெளியிட்டது.

24 பெப்ரவரி 2024, சனி

இரவுச் சாப்பாட்டின்போது இவர், "பதினைஞ்சு வயசு எண்டால் நல்லது கெட்டது விளங்காதோ? வரவிடக் கூடாது" என்றார்.

"பதினைஞ்சில உங்களுக்கு என்ன விளங்கினது?" என்று கேட்டேன்.

பதில் வரவில்லை. சிறிது நேரம் கழித்து, "நீர் சொல்லுறது வேறை, அது எங்கடை பிரச்சினை" என்றார். பிரித்தானியாவிலிருந்து சிரியாப் போருக்குப் போனவர்கள் ஏறக்குறைய 900 பேர் என்பது அரசின் கணக்கு. அவர்களில் நாற்பது வீதமானோர் திரும்பிவிட்டார்கள். அவர்களுடைய பெயர்கள் எங்களுக்குத் தெரியாது. தொலைக்காட்சியில் முகம் தெரிந்தவருக்கு மட்டும் கதவு பூட்டு என்றேன். கறி ஆறிவிட்டது.

7 ஓகஸ்ட் 2024, புதன்

மேலும் மேன்முறையீடு செய்ய உச்ச நீதிமன்றம் அனுமதி மறுத்துவிட்டது. ஷமீமா இன்னும் வடகிழக்குச் சிரியாவின் ரோஜ் முகாமில் இருக்கிறார். பெரியம்மா 2006இல் இறந்தார். அந்தத் தாளைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தார். அது பிந்திக் கிடைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை என்னிடம் கேட்டதில்லை.

9 செப்டம்பர் 2024, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. தீவிரவாதத் தடுப்புப் பயிற்சி, வழக்கமான அதே படவில்லைகள். 2015 ஜூலை முதல் இது பள்ளிக்கூடங்களுக்குச் சட்டப்படியான கடமை. சந்தேகத்தை யாரிடம் அறிவிப்பது என்பதைப் பத்துப் படங்களில் விளக்கினார்கள். பெற்றோரிடம் எப்படிச் சொல்வது என்பது ஒன்றில்கூட இல்லை. கடிதங்கள் இப்போது கைத்தொலைபேசிச் செயலியில் நேரே பெற்றோருக்குப் போகின்றன, இனிப் புத்தகத்துக்குள் ஒளிக்க முடியாது என்று ஒருவர் சொல்லி எல்லோரும் தலையாட்டினோம்.

மூன்றரை மணிக்கு வாசலில் ஒரு வங்காளித் தாய் என்னை மறித்துத் தொலைபேசியை நீட்டினார். வருகைக் குறைவு பற்றிப் பள்ளி அனுப்பிய செய்தி அது. அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது. நான் வாயைத் திறக்குமுன் பத்தாம் வகுப்பில் படிக்கும் மகள் வந்து தொலைபேசியை வாங்கி, ஒரு முறை வாசித்து, தாயிடம் சிரித்தபடி இரண்டு வார்த்தை சொன்னாள். தாய் எனக்கு நன்றி சொல்லிவிட்டு மகளின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்.