முப்பது வயது தாண்டிய எம்எக்ஸ்-5: ஒரு டிராக் டேயும் அதன் பிறகு செய்த வேலைகளும்

என்னிடம் இருப்பது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான அந்த இரண்டு இருக்கை வண்டியின் 1.6 லிட்டர் வகை. முன்னால் எஞ்சின், பின்சக்கர இயக்கம், நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன், ஆயிரம் கிலோவை எட்டாத எடை. நேர்ச்சாலை வேகத்தில் இன்றைய சாதாரணக் குடும்பக் காரே இதை எளிதில் முந்திவிடும். இருந்தும் டிராக்கில் ஓட்டிப் பழக விரும்புகிறவர்களுக்குப் பலரும் இதைச் சொல்வதற்குக் காரணம், எடை குறைந்த வண்டி டயரையும் பிரேக்கையும் மெதுவாகத் தின்னும் என்பதுதான். மெதுவாகத் தின்னும் என்றால் தின்னவே தின்னாது என்று பொருளல்ல. சாலையில் எந்தக் குறையும் காட்டாமல் ஓடிய இந்த வண்டியின் குளிரூட்டலும் பிரேக்கும் டிராக்கில் எந்த இடத்தில் விட்டுக்கொடுத்தன, அவற்றை எப்படிச் சரிசெய்தேன் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

டிராக் டேக்கு, அதாவது சொந்த வண்டியைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, போவதற்கு முன் செய்த ஏற்பாடுகளில் முக்கியமானது பிரேக் ஆயிலை மாற்றியதுதான். இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரநிலை. ஈரம் ஏறிய பிறகு அதற்கான வரம்பு 155 டிகிரிதான். பழைய ஆயிலோடு டிராக்கில் இறங்கினால், காலிப்பருக்குள், அதாவது சக்கரத்தோடு சுழலும் டிஸ்கை உராய்வுப் பேட்டுகளால் இறுக்கிப் பிடிக்கும் அமைப்புக்குள், அது கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டாகி, பெடல் தரைவரை இறங்கிவிடும். ஆகவே நான்கு சக்கரங்களிலும் பழுப்பு நிறம் மறைந்து தெளிந்த ஆயில் வரும்வரை வெளியேற்றி, ஏர் எடுத்து முடித்தேன். எஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் 110 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கி, பேட்டரியின் பிடிப்பைச் சரிபார்த்து, உள்ளே உருண்டு திரியக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். கூரை மடங்கும் வண்டி என்பதால், கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளைவான ரோல் பார் கட்டாயம். அதன் மேல்விளிம்பிலிருந்து முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்புக்கு ஒரு நீண்ட கோலை வைத்து, ஹெல்மெட் அணிந்து உட்கார்ந்திருக்கும் ஓட்டுநரின் தலை அதற்குக் கீழே இருக்கிறதா என்று நுழைவிலேயே பார்த்தார்கள். உயரமானவர்கள் இதற்காகவே இருக்கையின் அடிப்பஞ்சை எடுத்துவிடுவதுண்டு.

டிராக் டே என்பது பந்தயம் அல்ல. நேரம் கணிக்க மாட்டார்கள். முந்துவதற்கென்று குறித்த நேர்ப்பகுதிகளில் மட்டும், முன்னால் செல்பவர் கைகாட்டி வழிவிட்ட பிறகே முந்தலாம். கொடிகளின் பொருளைக் காலையிலேயே விளக்கிவிடுகிறார்கள்: மஞ்சள் என்றால் வேகத்தைக் குறைத்து முந்தாமல் செல்ல வேண்டும், நீலம் என்றால் பின்னால் வேகமான வண்டி வருகிறது, சிவப்பு என்றால் நிதானமாக பிட் பகுதிக்கு (தடத்தின் ஓரத்தில் வண்டிகள் நிற்கும் இடத்துக்கு) திரும்ப வேண்டும். ஒவ்வொரு குழுவும் கால் மணி நேரத்தை ஒட்டி ஓடிவிட்டு அடுத்த குழுவுக்கு இடம்விடும். கேட்பதற்குச் சிறிய நேரமாகத் தோன்றினாலும் பழைய வண்டிக்கு அதுவே நீண்ட நேரம்.

ஏன் நீண்டது என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓட்டுநரோடு சேர்த்து 1100 கிலோ எடையுள்ள வண்டியை மணிக்கு 160 கி.மீ. வேகத்திலிருந்து 80 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுவந்தால், ஏறத்தாழ 800 கிலோஜூல் இயக்க ஆற்றல் வெப்பமாக மாறியாக வேண்டும். இரண்டு லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். அந்த வெப்பம் முழுவதும் சில நொடிகளுக்குள் நான்கு டிஸ்குகளிலும் ஏறுகிறது. அதில் பெரும்பங்கு முன்சக்கரங்களுக்கு. சாலையில் இத்தகைய பிரேக் எப்போதோ ஒரு முறை நிகழும், பிறகு டிஸ்க் ஆறுவதற்கு நேரம் கிடைக்கும். டிராக்கில் ஒவ்வொரு சுற்றிலும் பல முறை நிகழும். ஆறுவதற்கு முன்பே அடுத்த வளைவு வந்துவிடும்.

முதல் ஓட்டத்தை டயரைச் சூடாக்கவும் தடத்தை மனத்தில் பதித்துக்கொள்ளவும் ஒதுக்கினேன். குளிர்ந்த நிலையில் 26 பி.எஸ்.ஐ. வைத்த டயர், திரும்பி வந்து அளந்தபோது 30-ஐத் தாண்டியிருந்தது. சூட்டில் அழுத்தம் ஏறுவது இயல்பு என்பதால் சூடான அளவைக் குறியாகக் கொண்டு சற்றுக் காற்றை இறக்கிவிட்டேன். வேகம் கூட்டிய பிறகுதான் பிரேக் பேசத் தொடங்கியது. பெடல் கெட்டியாகவே இருந்தது, ஆனால் அதே அழுத்தத்துக்கு வண்டி முன்புபோல் நிற்கவில்லை. கருகிய வாடையும் வந்தது. இங்கே வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பெடல் மெத்தென்று உள்ளே போனால் ஆயில் கொதித்திருக்கிறது. பெடல் கல்லாக இருந்தும் வண்டி நிற்காவிட்டால் பேட் தன் வெப்ப வரம்பைக் கடந்து பிடிமானத்தை இழந்திருக்கிறது. எனக்கு நேர்ந்தது இரண்டாவது. பிரேக் போடும் இடங்களை முன்கூட்டி நகர்த்திக்கொண்டு, ஒரு சுற்று முழுவதும் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவைத்துவிட்டு வெளியே வந்தேன். நிறுத்திய பின் கைப்பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்தேன். கொதிக்கும் டிஸ்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேட் நின்றால், அந்த ஒரு இடத்தில் மட்டும் பேட்டின் பொருள் படிந்து, பிறகு பிரேக் போடும்போதெல்லாம் அதிரும்.

பிற்பகலில், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் வெளியேறியது. நேர்ப்பகுதியின் முடிவில் இனிப்பு கலந்த ஒரு வாடை வந்து, முன்கண்ணாடியின் கீழ்விளிம்பில் மெல்லிய படலம் படிந்தது. எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்டின் வாடையை ஒரு முறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். வெப்பமானியின் ஊசி அப்போதுதான் நடுவைவிட்டு நகரத் தொடங்கியிருந்தது. கையை உயர்த்திக் காட்டிவிட்டு பிட்டுக்குள் வந்து எஞ்சினை அணைத்தேன். இந்த எஞ்சினின் பிளாக் (சிலிண்டர்கள் உள்ள அடிப்பகுதி) இரும்பு, அதை மேலே மூடும் ஹெட் அலுமினியம். இரண்டும் வெப்பத்தில் வெவ்வேறு அளவில் விரிபவை. கூலன்ட் இல்லாமல் இன்னும் ஒரே ஒரு சுற்று ஓட்டினாலும் ஹெட் கோணிவிடக்கூடும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது: ஏறத்தாழ 1 பார் கூடுதல் அழுத்தத்தில் தண்ணீரின் கொதிநிலை 120 டிகிரிக்கு உயர்கிறது; மூடியைத் திறந்த கணத்தில் அந்த அழுத்தம் போய், உள்ளிருப்பது கொதித்து முகத்தில் பீறிடும். ஆறிய பிறகு பார்த்தபோது, ரேடியேட்டரின் மேல்தொட்டியும் அலுமினிய மடிப்பும் சேரும் விளிம்பில் முடி அளவுக்கு ஒரு விரிசல் தெரிந்தது. கருப்பாக இருந்திருக்க வேண்டிய பிளாஸ்டிக் காலப்போக்கில் பழுப்பேறியிருந்தது. நகத்தால் அழுத்தினால் தூளாக உதிர்ந்தது. வண்டியை டிரெய்லரில் ஏற்றினேன்.

ரேடியேட்டரைக் கழற்றுவது இந்த வண்டியில் சிக்கலான வேலை அல்ல. கூலன்டை அடிப்பகுதித் திருகு வழியாக வடித்து, மேல் கீழ் ஹோஸ்களையும் விசிறிகளின் மின்இணைப்புகளையும் பிரித்து, மேலே உள்ள தாங்கிகளைக் கழற்றினால் அப்படியே தூக்கிவிடலாம். கடினமானவை ஹீட்டருக்குச் செல்லும் ஹோஸ்கள். எஞ்சினுக்கும் பின்சுவருக்கும் நடுவே, கை நுழையத் தயங்கும் இடுக்கில் அவை இருக்கின்றன. வெளியே நல்ல நிலையில் தெரிந்த ஒரு ஹோஸை வெட்டிப் பார்த்தபோது, கிளாம்ப் அழுத்திய வளையத்தில் ரப்பர் கல்லாக இறுகி, உட்புறம் நீளவாக்கில் கீறலிட்டிருந்தது. தொட்டி வெடித்த அதே சூட்டை அதுவும் தாங்கியிருக்கிறது. ஒரு ஹோஸ் இந்த நிலையில் இருந்தால் மற்றவற்றை நம்புவதற்கு இடமில்லை என்பதால் எல்லாவற்றையும் மாற்றினேன். தெர்மோஸ்டாட் (சூடேறியதும் ரேடியேட்டருக்கான வழியைத் திறக்கும் வால்வு), மூடி, முழு அலுமினிய ரேடியேட்டர் ஆகியவையும் புதிதாகச் சேர்ந்தன.

இந்த எஞ்சினின் குளிரூட்டும் பாதையில் ஒரு விசித்திரம் உண்டு. இதன் மூலவடிவம், முன்சக்கர இயக்கக் காரில் குறுக்காக அமர்வதற்காக உருவானது. அதில் தண்ணீர் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறும். எம்எக்ஸ்-5-இல் அதை நீளவாக்கில் திருப்பியபோது, பின்முனை சுவரை ஒட்டிவிட்டதால், வெளியேறும் வழியையும் முன்பக்கத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். ஆகவே நுழைவதும் வெளியேறுவதும் ஒரே முனையில். பின்னால் இருக்கும் நான்காவது சிலிண்டருக்குக் கிடைக்கும் ஓட்டம் மற்றவற்றைவிடக் குறைவு. டர்போ பொருத்தியவர்கள் வெளியேறும் பாதையை மீண்டும் பின்னால் மாற்றிக்கொள்கிறார்கள். திறன் கூட்டாத எஞ்சினுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. அந்த உழைப்பைக் காற்று செல்லும் வழியைச் சீராக்குவதில் செலவிட்டால் பலன் அதிகம்.

காற்றின் வழி என்று சொல்வதற்குக் காரணம் வண்டியின் மூக்குக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு. பலரும் இதைச் சேறு தெறிக்காமல் காப்பதற்கானது என்றே நினைக்கிறார்கள். ஆயில் மாற்றும்போது கழற்றிவிட்டுத் திரும்பப் பொருத்தாமலும் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் முன்வாய் வழியாக நுழையும் காற்றை ரேடியேட்டருக்குள் தள்ளிவிடுவதே அதன் முதன்மையான வேலை. அது இல்லாவிட்டால் காற்று எளிதான வழியைத் தேடி அடியில் நழுவிவிடும். என் வண்டியில் முந்தைய உரிமையாளர் காலத்திலேயே அதில் பாதி உடைந்து போயிருந்தது. எஞ்சிய பாதியை அச்சாக வைத்து அலுமினியத் தகட்டில் புதிதாக வெட்டி, பழைய துளைகளிலேயே பொருத்தினேன். ரேடியேட்டரின் இரு பக்கமும் மேலேயும் இருந்த இடைவெளிகளை வெப்பம் தாங்கும் பஞ்சுப் பட்டையால் அடைத்தேன்.

கூலன்ட் நிரப்பும்போது வண்டியின் மூக்கைத் தூக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடியில்லாமல் எஞ்சினை ஓடவிட்டேன். மேல் ஹோஸ் திடீரென்று சூடேறும் நேரத்தில் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று பொருள். அப்போது சிக்கியிருந்த காற்று குமிழிகளாக வெளியேறும். மொத்தக் கொள்ளளவு சுமார் 6 லிட்டர். வடித்த அளவோடு ஒப்பிட்டு, அளந்து ஊற்றினால் உள்ளே காற்று தங்கியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். ஆறிய பின் கைப்பம்பால் அழுத்தம் கொடுத்து, முள் இறங்குகிறதா என்று பார்த்தேன், இறங்கவில்லை. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் கேஸ்கெட் பற்றிய சந்தேகம் தீர வேண்டியிருந்ததால், சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்டில் கலந்திருந்தால் நீலத்திலிருந்து மஞ்சளாக மாறும் சோதனைத் திரவத்தையும் பயன்படுத்தினேன். நிறம் மாறவில்லை. சீக்கிரம் நிறுத்தியதால் ஹெட் தப்பியது.

அடுத்தது பிரேக். முன் காலிப்பர்களைக் கழற்றியதும் காரணம் கையிலேயே அகப்பட்டது. வலப்பக்கத்தில் உட்புறப் பேட் தேய்ந்து பின்தகட்டை நெருங்கியிருந்தது. வெளிப்புறப் பேட்டோ பாதிக்கும் மேல் மீதியிருந்தது. மிதக்கும் வகைக் காலிப்பரில் பிஸ்டன் உட்புறப் பேட்டை மட்டுமே தள்ளும். காலிப்பர் தன் வழிகாட்டிப் பின்களில் வழுக்கி நகர்ந்தால்தான் வெளிப்புறப் பேட்டும் அழுத்தும். கீழ்ப் பின்னைப் பிடுங்க முயன்றபோது அது வரவே மறுத்தது. முறுக்கி முறுக்கி வெளியே எடுத்தால், கிரீஸ் இருந்திருக்க வேண்டிய இடத்தில் காய்ந்த மெழுகுபோல ஒரு பழுப்புப் பொருக்கு இருந்தது. ரப்பர் உறை கிழிந்து ஈரம் புகுந்திருக்கிறது. ஒரு பக்கத்துப் பேட் இரண்டு பேட்டின் வேலையையும் செய்தால் அது வெந்து போகாமல் என்ன செய்யும்? பின்னையும் துளையையும் பிரேக் கிளீனரால் கழுவி, சிலிகான் கிரீஸ் தடவி, புதிய உறைகளைப் பொருத்தினேன். பின்சக்கரக் காலிப்பர்களில் பிஸ்டனை வெறுமனே அழுத்தி உள்ளே தள்ள முயலக் கூடாது. கைப்பிரேக் அமைப்பு அதனுள்ளேயே இருப்பதால், பின்புறத்து மூடித்திருகைக் கழற்றி ஆலன் சாவியால் திருகித்தான் பின்னுக்கு இழுக்க வேண்டும்.

பேட்டைப் பொறுத்தவரை, முழுப் பந்தய வகைக்குப் போகவில்லை. அவை சூடேறிய பிறகே பிடிக்கும்; காலையில் குளிர்ந்த நிலையில் சாலையில் முதல் சிக்னலில் ஏமாற்றிவிடும். சாலைக்கும் டிராக்குக்கும் பொதுவான நடுத்தர வகையே இந்த எடைக்குப் போதும். புதிய பேட்டைப் பதப்படுத்த, வெறிச்சோடிய சாலையில் 100 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரை திரும்பத் திரும்பக் குறைத்து, முழுமையாக நிறுத்தாமல் ஓட்டி ஆறவைத்தேன். டிஸ்கின் மேல் சீரான சாம்பல் படலம் படிந்ததும் பெடலின் தொடுகையே மாறிவிட்டது.

வண்டியோடு வந்த வெப்பமானி, ஊசி நடுவில் நின்றுவிட்டால் கணிசமான ஏற்ற இறக்கத்தைக்கூடக் காட்டுவதில்லை என்பதால், எண்ணில் காட்டும் தனி மானி ஒன்றையும் பொருத்தினேன். எண்ணெய் அழுத்தமானிக்கு அந்தத் தேவை இல்லை. தொடக்க கால வண்டிகளில் அது உண்மையான அழுத்தத்தைக் காட்டும். 1990-களின் நடுவில் வந்தவற்றில்தான் வெறும் சுவிட்ச் வைத்து, ஊசியை எப்போதும் ஒரே இடத்தில் நிற்கவிட்டார்கள். அச்சமூட்டாத மானி எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அதே தடத்துக்கு மறுபடி போனபோது, வெயில் முன்னைவிடக் கடுமையாக இருந்தும் கூலன்ட் 92 டிகிரிக்கும் 97 டிகிரிக்கும் இடையிலேயே நின்றது. ஓட்டத்தின் கடைசிச் சுற்றிலும் முதல் சுற்றில் பிரேக் போட்ட இடத்திலேயே போட முடிந்தது. மாலையில் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்ததில் வலது முன் பேட்டுகள் இரண்டும் ஒரே தடிமனில் இருந்தன. ஆனால் வண்டியை ஜாக்கில் தூக்கி, இடது முன்சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டியபோது மெல்லிய ஒரு சொடக்கு கேட்டது. சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் பால் ஜாயிண்டில் அசைவில்லை. உதவிக்கு ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொன்னதும் சொடக்கு நின்றுவிட்டது. ஆகவே ஆட்டம், சக்கரம் சுழல உதவும் ஹப் பேரிங்கில்தான். இந்த வண்டியில் முன் பேரிங் ஹப்போடு ஒரே தொகுதியாக வருவதால் இரு பக்கத்துக்கும் ஹப்புகளையும் நடு நட்டுகளையும் சேர்த்தே வரவழைக்கிறேன். அவை வந்து சேரும்வரை வண்டி ஸ்டாண்டின் மேலேயே இருக்கும்.