அவிலாவில் ஒரு மணி நேரம்

மட்ரிட்டிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அவிலா நிலையத்தில் இறங்கியதும் அக்கா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். கடல்மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கும் மேலே இருக்கிற ஊர். வெயில் அடித்தும் குளிர் விடவில்லை.

ஊரைச் சுற்றிக் கருங்கல் மதில். சுமார் இரண்டரை கிலோமீட்டர் நீளம், 90-ஐ நெருங்கும் கோபுரங்கள், 9 வாசல்கள். வருகிறவர்கள் எல்லாரும் முதலில் மதிலைத்தான் படம் எடுக்கிறார்கள். அக்கா என்னை நேராக ஊருக்குள், மெர்காதோ சீக்கோ சதுக்கத்தை ஒட்டிய புனித யோவான் ஆலயத்துக்கு அழைத்துப் போனார். 1515 மார்ச் 28-ல் பிறந்த அவிலா தெரேசா என்ற புனிதர், ஏப்ரல் 4-ல் திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பெற்ற இடம் அது. அந்தத் திருமுழுக்குத் தொட்டி இன்னும் இருக்கிறது.

"எல்லாம் இங்கதான் ஆரம்பிச்சுது, தம்பி" என்று சொல்லிவிட்டு முழந்தாளிட்டார்.

அவர் தெரேசாவைச் சொன்னார். நான் என்னை நினைத்துக்கொண்டேன். திருமுழுக்கில் மூவொரு கடவுள் ஆன்மாவில் வந்து குடியேறுகிறார், சாவான பாவத்தால், அதாவது தெரிந்தே செய்யும் கனமான பாவத்தால், நாமே அவரை வெளியேற்றினால் ஒழிய அவராக விட்டுப் போவதில்லை, அப்படியே போனாலும், பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் ஒப்புரவு அருளடையாளத்தில் திரும்பி வருகிறார். மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்தது. தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் அப்பா போனதிலிருந்து என்னால் செபிக்க முடியவில்லை. படுக்கையில் கிடந்த அத்தனை மாதமும் அவருக்காக மன்றாடினேன். அதன்பின் செபத்துக்கு உட்கார்ந்தால், ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுவது போலவே இருந்தது. திருப்பலிக்குப் போவேன், செபமாலை சொல்வேன், உதடு மட்டும் அசையும். அக்காவுக்கு இது தெரியும். இந்தப் பயணத்துக்கு என்னை இழுத்து வந்ததே அதனால்தான்.

மதிலுக்கு வெளியே வடக்குப் பக்கம் சரிவில் இறங்கினால் கார்மேல் சபைக் கன்னியரின் எங்கார்னாசியோன் மடம். தெரேசா 1535-ல் இங்கே சேர்ந்தார். 1562-ல் சீர்திருத்தக் கார்மேலின் முதல் மடமான புனித சூசையப்பர் மடத்தைத் தொடங்கும் வரை, சில இடைவெளிகள் போக, அவர் வாழ்ந்தது இங்கேதான். அருங்காட்சியகப் பகுதியில் அந்தக் காலத்துப் பேச்சறைகளைப் பார்க்கலாம். வருகிறவர்களோடு அங்கே உட்கார்ந்து பேசிப் பேசி, செபத்தில் தான் தளர்ந்துபோனதைப் பின்னாளில் அவர் மனம் நொந்து எழுதினார்.

தளர்ச்சி என்றால் சாதாரணத் தளர்ச்சி இல்லை. ஒரு வருடத்துக்கும் மேலாக மனசெபத்தையே, அதாவது வாய்ச்சொல் இல்லாமல் உள்ளுக்குள் செய்யும் செபத்தையே, விட்டுவிட்டார். இவ்வளவு குறையுள்ள நான் எப்படிக் கடவுள் முன்னால் உட்காருவது என்ற எண்ணம். அதைத் தாழ்ச்சி என்று நினைத்து ஏமாந்ததாக அவரே சொல்கிறார். 1543-ல் அவருடைய தந்தை நோயுற்றபோது போய்ப் பணிவிடை செய்தார். தந்தை இறந்த பிறகு, அந்தத் தந்தைக்கு ஆன்மகுருவாக இருந்த தொமினிக்கன் சபைக் குரு ஒருவர்தான் தெரேசாவைத் திரும்பச் செபத்துக்குக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு அவர் விடவே இல்லை. அப்பாவின் சாவோடு என் செபம் நின்றது, அவருக்கோ அங்கேதான் மறுபடி தொடங்கியது. இதை நினைத்துக்கொண்டு அந்தப் பேச்சறையில் வெகுநேரம் நின்றேன்.

உடனே இன்பம் பொங்கியதா? இல்லை. பல வருடங்கள் வறட்சிதான். செப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று காது கொடுத்துக் காத்திருந்ததாக எழுதுகிறார். திருச்சபை 1970-ல் மறைவல்லுநர் என்று அறிவித்த ஒருவர், செபத்துக்கே ஆசிரியை, சொன்னது இது! நான் படித்த புனிதர் வரலாறுகளில் இவ்வளவு வெளிப்படையாக யாரும் பேசியதில்லை.

இன்னொன்றும் அவர் ஒளிக்காமல் சொல்வது. கடவுள் எல்லாவற்றிலும் இருக்கிறார் என்பதே ஆரம்பத்தில் அவருக்குத் தெரியாதாம். தனக்குள் அவர் மெய்யாகவே இருப்பதை உணர்ந்தார். அதிகம் படிக்காத சிலரோ, கடவுள் அருளால் மட்டுமே உள்ளே இருக்கிறார் என்று சொல்லிவிட்டார்கள். அவரால் நம்ப முடியவில்லை. கடைசியில் நன்கு கற்ற ஒரு தொமினிக்கன் குரு சந்தேகத்தைத் தீர்த்தார்: படைத்தவர் என்ற முறையில் அவர் எல்லா உயிரிலும் நேராகவே இருந்து அதைத் தாங்குகிறார். அவர் தாங்காவிட்டால் அது இல்லாமலே போய்விடும். அருள்நிலையில், அதாவது சாவான பாவம் இல்லாமல், இருப்பவரிடம் அதற்கு மேலும், ஒரு நண்பராக வந்து தங்குகிறார். எனக்கு மூச்சு ஓடுவதே அவர் இருப்பதால்தான் என்றால், இவ்வளவு நாளும் நான் தட்டியது வேறு யார் வீட்டுக் கதவையோ.

1577-ல், 62 வயதில், ஆன்மாவை ஒரு படிகக் கோட்டையாக வைத்து எழுதத் தொடங்கினார். ஏழு உறைவிடங்கள், நடுவில் அரசர். நுழையும் கதவு செபம். அறைகளை வரிசையாக நினைக்காதீர்கள் என்கிறார். சிறு பனை ஒன்றின் குருத்தைப் பல மட்டைகள் மூடியிருப்பது போல, எல்லா அறைகளும் அந்த நடுவைச் சூழ்ந்திருக்கின்றனவாம். அதை எழுதிய நாட்களில் அவர் தலைக்குள் பெரிய ஆறுகள் பாய்வது போன்ற இரைச்சல். எண்ணங்கள் அலைகின்றன, ஆனால் அந்த இரைச்சல் ஆன்மாவின் ஆழத்தைத் தொடவில்லை, செபத்தைக் கெடுக்கவில்லை என்று அதே நூலில் எழுதிவைத்தார். பராக்கு வந்தால் செபம் போச்சு என்று நான் எழுந்துபோன நாட்கள் எத்தனை!

மடத்துச் சிற்றாலயத்தில் கூட்டம் இல்லை. நற்கருணைப் பேழைக்கு எதிரே, நாலாவது பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"ஒரு மணி நேரம் இருப்போம். ஒண்ணும் சொல்ல வேணாம், சரியா?" என்றார் அக்கா.

கண்ணை மூடினேன். உள்ளே இருக்கிறவரைத் தேட இறக்கை தேவையில்லை, தனியாக உட்கார்ந்து உள்ளே பார்த்தால் போதும் என்பது தெரேசா தன் சகோதரிகளுக்குக் கொடுத்த ஆலோசனை. தந்தையிடம் பேசுவது போல, சகோதரனிடம் பேசுவது போல அவரிடம் பேசலாம். "ஆண்டவரே, நீர் இருக்கிறீர்" என்று மட்டும் சொன்னேன். அப்பாவின் கடைசி நாட்கள் வந்தன. திரும்பிப் போகும் ரயிலின் நேரம் வந்தது. முழங்கால் வலித்தது. ஒவ்வொரு தடவையும் அதே மூன்று சொல்லோடு திரும்பி வந்தேன். சுகமாக எதுவும் தோன்றவில்லை. ஆனால் தட்டிக்கொண்டும் இல்லை.

எங்கோ மணி அடித்தது, எனக்கு நன்றாகவே கேட்டது. அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார், என்னைப் பார்த்தார், பையை மறுபடி கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.