இரு கம்பங்களுக்கு நடுவே

3 பிப்ரவரி 2025, திங்கள்

கடைகள் ஷட்டர் இறக்கிய பிறகுதான் தெருவிளக்கின் உண்மையான அளவு தெரியும் என்பதால், இரவு பத்து மணிவரை வீட்டிலேயே காத்திருந்துவிட்டு, ஓர் இடத்தில் விழும் ஒளியின் அளவை லக்ஸ் என்ற அலகில் காட்டும் லக்ஸ் மீட்டரையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு எங்கள் தெருவில் இறங்கினேன். புதுச்சேரியில், பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, இரு பக்கமும் தாழ்வாரமும் திண்ணையும் உள்ள பழைய வீடுகள் இன்னும் சில மிச்சமிருக்கும் தெரு இது. மஞ்சள் ஒளி தரும் பழைய சோடியம் விளக்குகளைக் கழற்றிவிட்டு அதே கம்பங்களில் எல்.இ.டி. விளக்குகளை மாட்டியிருக்கிறார்கள். ஒரு கம்பத்துக்கும் அடுத்ததற்கும் இடையே முப்பது மீட்டர் இருக்கிறது.

கம்பத்தின் அடியிலிருந்து மூன்று மூன்று மீட்டராக நகர்ந்து, மீட்டரைத் தரையில் வைத்துக் குறித்துக்கொண்டேன்: 38, 27, 14, 6, 3, நடுவில் 2. அங்கிருந்து அடுத்த கம்பம் வரை ஏறக்குறைய இதே எண்கள் தலைகீழாக வருகின்றன. சராசரி 14 லக்ஸ். தெருவிளக்குக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1944, போக்குவரத்து மிகுந்த உட்சாலைகளுக்குச் சராசரியாக 8 லக்ஸும், போக்குவரத்து குறைந்தவற்றுக்கு 4 லக்ஸும் போதும் என்கிறது. அப்படிப் பார்த்தால் எங்கள் தெரு வசதியான தெரு. ஆனால் அதே தரநிலை, மிகக் குறைந்த அளவைச் சராசரியால் வகுத்தால் 0.3-க்குக் குறையக்கூடாது என்றும் சொல்கிறது. இங்கே இரண்டைப் பதினான்கால் வகுத்தால் 0.14 வருகிறது. தேவைக்கு மேல் ஒளி இருந்தும், அது தேவையான இடத்தில் விழவில்லை.

மீட்டரை மடித்து வைக்கும்போது எதிர்வீட்டு அத்தை திண்ணையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். வயது எழுபத்திரண்டு. மூன்று படிகள்தான், ஒவ்வொரு படியையும் காலால் தடவிப் பார்த்துவிட்டே இறங்கினார்கள். "வெளிச்சம் வேணும்கிற அளவுக்கு இருக்கு தம்பி, படிதான் தெரியமாட்டேங்குது" என்றார்கள். அவர்கள் நின்ற இடத்தில் நானும் நின்று பார்த்தேன். தாழ்வாரத்தின் ஓடு, உயரத்திலிருந்து வரும் ஒளியை மறித்துப் படியின்மேல் முழு நிழலைப் போடுகிறது. அதே நேரம் தாழ்வாரத்தின் விளிம்புக்குக் கீழே தெரியும் அடுத்த கம்பத்து விளக்கு நேராகக் கண்ணில் அடிக்கிறது. அந்த ஒளிக்குக் கண்மணி சுருங்கிவிடுகிறது. சுருங்கிய கண்ணால் நிழலில் இருக்கும் படியைத் தேட வேண்டியிருக்கிறது. வயதாக ஆகக் கண்மணி சிறுத்து, கண்ணின் வில்லை மஞ்சளித்து, அறுபதைக் கடந்தவருக்கு இருபது வயதுக்காரரின் விழித்திரையை எட்டும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் எட்டுகிறது. கண்கூச்சமோ வயதானவர்களுக்குத்தான் அதிகம். அத்தை சொன்ன ஒரு வாக்கியத்தை என் அளவுப் பட்டியலின் தலைப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.

6 பிப்ரவரி, வியாழன்

கடற்கரைச் சாலை. மாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவதால், நாட்டிலேயே விளக்கை ஆற அமரப் பார்ப்பதற்கு இதைப்போல் தோதான இடம் குறைவு என்று எண்ணுகிறேன். வண்டியின் முகப்பு விளக்குகள் குறுக்கே வராமல், நின்ற இடத்தில் நிற்கலாம், திரும்பிப் பார்க்கலாம்.

காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கற்றூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. கூட்டம் குறைந்தபின் ஒரு தூணருகே போய்க் கைவிளக்கை வைத்துச் சோதித்தேன். நேர் எதிரே பிடித்தால் தூண் முழுவதும் ஒரே சாம்பல் பலகையாகத் தெரிகிறது, உளி பட்ட இடமும் படாத இடமும் ஒன்றாகிவிடுகின்றன. கையை மெல்லப் பக்கவாட்டில் கொண்டுபோய், ஒளி கல்லை உரசிக்கொண்டு போகும்படி பிடித்தபோது, இதழின் விளிம்பும் கொடியின் முறுக்கும் ஒவ்வொன்றாக நிழலோடு எழுந்து வந்தன. அதே கைவிளக்குதான், அதே ஒளிதான். ஒரு கட்டடத்துக்கு எத்தனை வாட் வேண்டும் என்று கேட்பவர்கள், எந்தப் பக்கத்திலிருந்து என்று முதலில் கேட்டால் பாதிச் செலவு மிஞ்சும்.

1836-இல் ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம் இருளில் வெறும் நிழலுருவாக நின்றது. அதை அப்படியே விட்டுவிடலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தெற்கே நடந்து பிரெஞ்சுப் பகுதியின் உள் வீதிகளுக்குள் திரும்பினேன். விளக்கொளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்; எண் குறைந்தால் ஒளி மஞ்சளாகவும், கூடினால் நீலம் கலந்த வெண்மையாகவும் இருக்கும். காவி மஞ்சள் பூசிய சுவர், 2700 கெல்வின் விளக்கின் கீழ் பகலில் இருக்கும் அதே மஞ்சளாக இருக்கிறது. பத்தடி தள்ளி 6500 கெல்வின் விளக்கின் கீழ் அதே சுவர் வெளிறிப்போய், காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் முகம்போல் ஆகிவிடுகிறது. ஒரு விடுதியின் வாசலில் உருண்டைக் கண்ணாடி விளக்குகள் நான்கு. பார்க்க அழகுதான், ஆனால் அவற்றின் ஒளியில் ஏறத்தாழப் பாதி வானத்துக்குப் போகிறது. நம் வீதிகளின் பெயர்ப்பலகையில் இன்னும் எழுதியிருக்கும் மொழிக்குரிய நாடான பிரான்சில், 2018 டிசம்பர் 27-ஆம் நாளிட்ட ஆணை ஊர்ப்பகுதிகளில் புதிதாக அமைக்கும் வெளி விளக்குகளுக்கு 3000 கெல்வினை உச்சவரம்பாக வைத்ததோடு, மேல்நோக்கிச் சிதறும் ஒளிக்கும் எல்லை கட்டியது. இங்கே அந்த வீதிகளின் அழகைப் பாதுகாக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, அதே வீதிகளில் எந்தக் கெல்வின் என்று பார்க்காமல் விளக்கு மாட்டுகிறோம். இது எனக்கு மிகுந்த வருத்தம்.

11 பிப்ரவரி, செவ்வாய்

தைப்பூசம். நிலவுக்காகவே வீராம்பட்டினம் கடற்கரைக்குப் போனேன். ஊர் விளக்குகளை முதுகுக்குப் பின்னே விட்டு இருபது நிமிடம் மணலில் உட்கார்ந்திருந்தேன். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரமாவது வேண்டும். முழுநிலவின் ஒளி தரையில் பெரும்பாலும் கால் லக்ஸைத் தாண்டாது. என் மீட்டர் அதை ஒழுங்காகக் காட்டக்கூட மறுத்தது. ஆனால் வலையின் கயிறும், நண்டு வளையும், என் காலடித் தடமும் தெளிவாகத் தெரிந்தன. எங்கள் தெருவின் நடுப்பகுதியில் இதைவிட எட்டு மடங்கு ஒளி இருக்கிறது, அங்கே ஒரு படி தெரியவில்லை.

15 பிப்ரவரி, சனி, கடலூர்

மஞ்சக்குப்பத்தில் அக்கா வீட்டுக்கு வந்தேன். சாப்பிட்டுவிட்டு அத்தானோடு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனோம். பங்குனி ஆமைகள் எனப்படும் ஆலிவ் ரிட்லி கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் பருவம் இது.

மணற்பரப்பின் மேல்விளிம்பில் நின்ற ஹைமாஸ்ட் எனும் உயர்கம்ப விளக்கின் வெண்ணொளி, அலை மடியும் இடம்வரை நீண்டு கிடந்தது. எங்கள் நிழல்கள் ஈர மணலில் ஆள் உயரத்துக்கு நான்கு மடங்காகக் கடல்பக்கம் விழுந்தன. ஆமை முட்டைகளைப் பாதுகாப்பதற்காகத் தேடி இரவில் கரையோரம் நடக்கும் இரண்டு இளைஞர்களைச் சந்தித்தோம். கையில் வைத்திருந்த டார்ச்சில் சிவப்புத் தாளை ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தார்கள். வெளிச்சமான கரையைத் தாய் ஆமை தவிர்க்கப் பார்க்கும் என்றும், அதனால் அந்தப் பக்கத்தைவிட இருட்டுப் பக்கத்தில்தான் தாங்கள் கவனமாகத் தேடுவதாகவும் சொன்னார்கள்.

குஞ்சுகளின் நிலை இன்னும் கொடியது. முட்டையிலிருந்து வெளிவந்ததும் அடிவானத்தில் எந்தப் பக்கம் தாழ்வாகவும் வெளிச்சமாகவும் இருக்கிறதோ அந்தப் பக்கம் ஊர்ந்து போகும் இயல்பு அவற்றுக்கு. பல்லாயிரம் தலைமுறைகளாக அந்தப் பக்கம் கடலாகத்தான் இருந்தது. இப்போது சாலையாக இருக்கிறது. இதற்கு விளக்கையே அணைத்துவிட வேண்டும் என்பதில்லை. மனிதருக்கு வெளிச்சம் வேண்டிய இடத்தில் கம்பத்தின் உயரத்தைக் குறைத்து, கடல்பக்கம் மறைப்பு வைத்து, 560 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளமுள்ள அம்பர் நிறத்தைப் போட்டால் ஆமைகளை அவ்வளவாக ஈர்க்காது. அத்தான், "இருட்டா விட்டா குடிச்சிட்டு வந்து உட்காருவானுங்க மாப்ள" என்றார். அதுவும் உண்மைதான். அவர் சொன்னதையும் ஆமையையும் ஒரே வரைபடத்தில் வைத்துத் தீர்ப்பதற்காகத்தான் என்னுடைய இந்த ஒளியமைப்புத் தொழில் இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். வீடு திரும்பும்வரை இதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம்.

22 பிப்ரவரி, சனி

நேரு வீதியில், பெரிய மார்க்கெட் வாசல் பக்கம். பூ விற்கும் அம்மா ஒருவரிடம் அரை மணி நேரம் நின்றேன். சோடியம் விளக்கு இருந்த காலத்தை நான் கொஞ்சம் ஏக்கத்தோடு நினைப்பவன். அந்த அம்மா அதைத் திருத்தினார். "அந்த மஞ்ச லைட்டுல எல்லா மல்லியும் பழுத்த மல்லிதான் தம்பி. காலையில கட்டுனதுன்னு சத்தியம் பண்ணாலும் ஒருத்தரும் நம்பமாட்டாங்க." சோடியம் விளக்கின் நிறங்காட்டும் திறன் நூற்றுக்கு இருபத்தைந்து அளவில்தான் இருக்கும்; கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் அதன் கீழ் ஒரே பழுப்புக் குடும்பமாகிவிடும். இன்றைக்கு அவர் குடைக்கம்பியில் சொந்தமாக ஒரு சிறிய பல்பு கட்டியிருக்கிறார், பூவுக்கு ஓரடி மேலே, வாங்குபவரின் கண்ணில் படாதபடி எவர்சில்வர் தட்டு ஒன்றை மறைப்பாக வளைத்து. ஒளியைத் தாழ்த்தி, மறைத்து, பொருளின்மேல் மட்டும் விழவிட்டிருக்கிறார். அன்று பார்த்தவற்றில் மிகச் சிறந்த விளக்கு அது.

27 பிப்ரவரி, வியாழன்

அமாவாசை. ஃபெஞ்சல் புயலில் சாய்ந்து, நவம்பர் முப்பதிலிருந்து ஒரு வீட்டின் மாடி அறைக்குள் ஒளியடித்துக்கொண்டிருக்கும் தெருமுனை விளக்கைப் பற்றி உரிய அலுவலகத்தில் மூன்றாம் முறையாக மனு கொடுத்தேன். விளக்கு எரிகிறதல்லவா, பிறகென்ன புகார் என்று கேட்டார்கள். எரிகிறது என்பதுதான் புகார் என்று விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த அறையில் இரவுப் பணி பார்க்கும் ஒரு செவிலியர் குடியிருக்கிறார். பணியில்லாத நாட்களில் ஜன்னலில் போர்வை தொங்கவிட்டுத் தூங்குகிறார்.

12 மார்ச், புதன்

மாசி மகம். வைத்திக்குப்பத்தில் தீர்த்தவாரி முடிந்து சுவாமிகள் திரும்பும்வரை இருந்தேன். அளவெடுக்க மனம் வரவில்லை.

18 மார்ச், செவ்வாய்

அத்தையின் திண்ணைத் தூணில், பழைய மாடத்துக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில் மூன்று வாட் பல்பு ஒன்றை மாட்டினோம். 2700 கெல்வின். பல்பு கண்ணில் படாமல் ஒளி கீழே மட்டும் விழும்படி, தகரக் குவளை ஒன்றைப் பாதியாக வெட்டி மேலே கவிழ்த்தேன். மின்சாரம் அவர்கள் வீட்டு மீட்டரிலிருந்து. மாதத்துக்கு எத்தனை யூனிட் ஆகும் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். இரவு முழுக்க எரிந்தாலும் ஒரு யூனிட்டைச் சற்றே தாண்டும்.

பத்து மணிக்கு அளந்தேன். முதல் படியில் 6 லக்ஸ், இரண்டாவதில் 5, கடைசியில் 4. குறைந்ததைச் சராசரியால் வகுத்தால் 0.8. படியின் விளிம்பில் காலையில் இழுத்த காவிக்கோடு தெரிந்தது, கீழே மாக்கோலத்தின் புள்ளிகளும் தெரிந்தன. அத்தை தூணைப் பிடிக்காமல் இறங்கி வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்கள், பிறகு இன்னொரு முறை இறங்கிக் காட்டினார்கள். இடப்பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தகரக் குவளை ஒன்று தன் வீட்டிலும் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா என்று கேட்டார்.