94-லேயே நிற்கிற இணையம்

300 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேக அளவு) பிளான் போட்டிருக்கிறோம், ஸ்பீட் டெஸ்ட்டில் 94-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது என்று யாராவது சொன்னால், எனக்குப் பாதி விஷயம் அங்கேயே புரிந்துவிடும். வேகம் 60, 150, 210 என்று ஏறி இறங்கினால் அது வேறு கதை. எப்போது பார்த்தாலும் 93, 94, 95 என்று ஒரே இடத்தில் நின்றால், பெரும்பாலும் கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவில் உள்ள கேபிள் இணைப்பே 100 எம்பிபிஎஸ்ஸில்தான் ஓடுகிறது. மீதி ஐந்தாறு, டேட்டா துண்டு துண்டாகப் போகும்போது ஒவ்வொரு துண்டோடும் (பாக்கெட்) ஒட்டிப் போகிற முகவரி மாதிரியான தகவல்களுக்கு (ஹெடர்) செலவாகிவிடுகிறது.

அக்கா வீட்டில் நடந்தது இதுதான். அத்தானுக்கு வீட்டிலிருந்தே வேலை. "தம்பி, கம்ப்ளெய்ன்ட் பண்ணிப் பண்ணி அலுத்துப்போச்சு. லைன் சரியா இருக்குங்கிறாங்க" என்றார். லைன் உண்மையிலேயே சரியாகத்தான் இருந்தது.

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸுக்குள் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதற்குள் ஈதர்நெட், அதாவது கேபிள் வழி இணைப்பு. 'லிங்க் ஸ்பீட்' என்ற வரியில் 100/100 என்று இருந்தது. விண்டோஸில் கட்டளை அடிக்கிற பவர்ஷெல் பழகியவர்கள் கெட்-நெட்அடாப்டர் (Get-NetAdapter) என்று அடித்தால் எல்லா அடாப்டர்களின் (கம்ப்யூட்டரை நெட்வொர்க்கோடு இணைக்கிற பாகங்கள்) வேகமும் ஒரே பட்டியலாக வரும். லினக்ஸில் இதற்கு ஈத்டூல் (ethtool) என்ற கட்டளை இருக்கிறது. பிளான் வேகத்துக்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. கேபிளின் இரண்டு முனையிலும் இருக்கிற கருவிகள் தங்களுக்குள் பேசி ஒத்துக்கொண்ட வேகம் இது. அதனால்தான் ஸ்பீட் டெஸ்ட்டுக்கு முன்னால் இதைப் பார்க்கச் சொல்கிறேன்.

100/100 என்று வந்தால் முதலில் ரவுட்டரில் கேபிள் செருகுகிற போர்ட் கிகாபிட்டா, அதாவது 1000 எம்பிபிஎஸ் வரை போகுமா என்று பாருங்கள். விலை குறைந்த ரவுட்டர்கள் பலவற்றில் 100-க்கு மேல் போகாத போர்ட்டுகள்தான். அத்தானுடைய ரவுட்டரும் கம்ப்யூட்டரும் கிகாபிட்தான். அப்புறம் மிச்சம் கேபிள்.

கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு பின்கள் (பிளக்கில் கம்பிகள் தொடுகிற முனைகள்) போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீல ஜோடியிலோ பிரவுன் ஜோடியிலோ ஒரு கம்பி அறுந்தாலும் நெட் நிற்காது. பல அடாப்டர்கள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓடும். இந்தக் கோளாறு மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் இருப்பது இதனால்தான். முழுதாக நின்றுபோயிருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பார்கள்.

கட்டிலுக்குப் பின்னால் போன கேபிளை இழுத்துப் பிளக்கை வெளிச்சத்தில் பார்த்தேன். கடைசி பிரவுன் கம்பி நுனி வரைக்கும் போகவே இல்லை, பாதியில் நின்றது. பிளக்கை வெட்டிவிட்டு, வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன் என்று அடுக்கி, புதுப் பிளக்குக்குள் எட்டும் முட்டும்வரை தள்ளி, அழுத்திப் பொருத்தினேன் (கிரிம்ப்). லிங்க் ஸ்பீட் 1000/1000. ஸ்பீட் டெஸ்ட்டும் 300-ஐத் தொட்டது. அத்தானுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சிலர் டிவைஸ் மேனேஜரில் 'ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ்' என்பதைத் திறந்து வேகத்தைக் கையால் மாற்றச் சொல்வார்கள். அதை ஆட்டோ நெகோஷியேஷனிலேயே, அதாவது கருவிகள் தாங்களே பேசி முடிவு செய்கிற அமைப்பிலேயே விடுங்கள். ஒரு முனையில் மட்டும் 100 ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடிகிற முறை) என்று கட்டாயப்படுத்தினால், மறுமுனை ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்) போய்விடும். அதற்கப்புறம் வேகம் படுகிற பாடு சொல்லி மாளாது.

வைஃபையில் இதே இடத்தில் 866 என்று காட்டினால் அது அப்படியே கையில் கிடைக்காது. காற்றில் எல்லோரும் மாறி மாறித்தான் பேச வேண்டும், பாதியளவு வந்தாலே நல்ல இணைப்பு.

புதுக் கேபிள் வாங்குகிறவர்கள் உறையில் சிசிஏ என்று போட்டிருந்தால் எடுக்காதீர்கள். அலுமினியக் கம்பிக்கு மேலே செம்புப் பூச்சு, அவ்வளவுதான். நாலு தடவை மடக்கினால் உள்ளே ஒடிந்துவிடும்.